நாளைக்கும் வாங்க: மூளை அலை புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நல்லம்பள்ளிப் பக்கம் வீட்டு ஒயரிங் வேலை பார்ப்பவன் நான். ஐடிஐ முடித்ததிலிருந்து இருபத்திரண்டு வருடமாக இதே தொழில். அண்ணன் லாரி டிரைவர். சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவில் அந்த நெடுஞ்சாலையிலேயே அவர் வயசில் பாதி போனது. 2018 கார்த்திகையில் ஒரு ராத்திரி, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கியர் மாற்றும்போது இடது கை பிடிமானம் இல்லாமல் நழுவியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து, டீ குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறார். பொங்கலுக்குச் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. பெங்களூர் நிமான்ஸில் காட்டினோம். மோட்டார் நியூரான் நோய், அதில் ஏ.எல்.எஸ் என்ற வகை என்றார்கள். கை போனது, கால் போனது, பிறகு பேச்சும் போனது. இப்போது கண் அசைகிறது. காது நன்றாகக் கேட்கிறது. புத்தி அப்படியே இருக்கிறது. டீசல் விலை ஏறினால் இன்றைக்கும் ஒரு நடைக்கு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போடுகிறார். ராத்திரியில் மூச்சுக்கு மாஸ்க் மெஷின். எல்லாமே அண்ணிதான்.

போன வருடம் தை மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு கல்லூரியிலிருந்து நான்கு மாணவர்கள் இரண்டு வண்டியில் வந்தார்கள். மூளை அலையால் வீட்டு விளக்கு, விசிறியை இயக்கும் புராஜெக்ட். மூளை–கணினி இடைமுகம் என்று தமிழில் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் பிசிஐ என்றார்கள். உண்மையாக உடம்பு அசையாத ஒருவரை வைத்துச் சோதிக்க வேண்டுமாம். மூன்று நாள் முன்னாலேயே போன் செய்து கேட்டார்கள். அண்ணனிடம் சொன்னதும் கண்ணை மேலே உயர்த்தினார். எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம்.

வெளியாள் வருகிறார்களே என்று அண்ணி அன்றைக்குக் காலையில் அண்ணன் தலைக்கு நிறைய எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டிருந்தார். அந்தப் பிள்ளைகள் எட்டு தகடு வைத்த தொப்பியை மாட்டினார்கள். ஒரு தகடும் தோலைப் பிடிக்கவில்லை. எண்ணெய்த் தலையில் மூளை அலை எடுக்க முடியாது என்பது ஆஸ்பத்திரியில் இஇஜி எடுக்கிறவர்களுக்குத் தெரியும். தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று முதல் நாளே சொல்லி அனுப்புவார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணி பெட்டிக்கடையில் இரண்டு ஷாம்பு பாக்கெட் வாங்கி வந்தார். நானும் அவருமாக அண்ணனைக் கட்டிலில் குறுக்கே இழுத்து, கழுத்துக்கு அடியில் தலையணை கொடுத்து, தலையை விளிம்புக்கு வெளியே தாங்கிப் பிடித்து, கீழே அன்னக்கூடை வைத்து அலசினோம். கழுத்து நிற்காத ஒருவருக்குத் தலை அலசுவது இரண்டு ஆள் வேலை. துவட்டிக் காயவைத்துத் திரும்பப் படுக்க வைக்க ஒரு மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் அந்தப் பிள்ளைகள் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்தில் சங்கடம் தெரிந்தது. நல்ல பிள்ளைகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் தொப்பி பிடித்தது. கையை அசைப்பதாக மனசுக்குள் நினைத்தால் போதும், மூளையில் அந்தக் கைக்குரிய இடத்தில் ஓடும் அலை கொஞ்சம் அடங்கும், இடது கையை நினைத்தால் வலது பக்கம், வலது கையை நினைத்தால் இடது பக்கம் என்று ஒரு தங்கை எனக்கு விளக்கினாள். எவ்வளவு அழகாகச் சொன்னாள்! ஆனால் அண்ணனிடம், "ஐயா, இடது கையால ஒரு பந்தை அமுக்குற மாதிரி நினைங்க" என்றபோது திரையில் இருந்த பட்டை இஷ்டத்துக்கு அலைந்தது. அண்ணன் எந்தக் காலத்தில் பந்தை அமுக்கினார்? நான் பக்கத்தில் போய், "அண்ணா, வண்டில ஏறு. தொப்பூர் இறக்கம். பின்னாடி பத்து டன் லோடு. மூணுக்கு இறக்கு" என்றேன். நம் வண்டிகளில் கியர் இடது கைக்குத்தானே. பட்டை இடது பக்கம் நகர்ந்தது. "இப்ப பெரிய வளைவு, ஸ்டீரிங்கை வலது கையால இழு" என்றேன். வலது பக்கம் போனது.

இருபது தடவை செய்ததில் பதினான்கு சரி. சும்மா காசு சுண்டினாலே பத்து சரியாக வரும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு தடவை கியர் மாற்றியதும், மேசை மேல் அவர்கள் வைத்திருந்த எல்இடி பல்பு எரிந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணன் தானாக ஒரு விளக்கைப் போட்டார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று அவர்கள் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அண்ணன் ஏதோ சொல்ல வேண்டும் என்று கண்ணால் கேட்டார். அண்ணி எழுத்து அட்டையை எடுத்தார். ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிக்க வேண்டும், வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை உயர்த்துவார். நா. ளை. க். கு. நான்கு நிமிடம் ஆனது. "நாளைக்கு?" என்று கேட்கிறார். அதற்குள் இரண்டு பேர் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். மீதி இரண்டு பேர் "கண்டிப்பா வரோம்ங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வரவில்லை. அந்தப் புராஜெக்டுக்குப் பரிசு கிடைத்தது என்று பிறகு தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கேயோ வேலையில் இருப்பார்கள்; நன்றாக இருக்கட்டும். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று நாள் அண்ணியைத் தலைக்கு எண்ணெய் வைக்க விடவில்லை அண்ணன்.

அந்த மூன்று நாளுக்காகத்தான் இந்த மடல். இனி வரும் வருடங்களில் இதே புராஜெக்ட் எடுக்கப்போகும் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். தேர்வு முடிந்த பிறகும் அது ஓடட்டும். நீங்கள் படித்து முடித்து வெளியூர் போய்விட்டால் உங்களுக்கு அடுத்த வருடப் பிள்ளைகள் அதைத் தொடரட்டும். ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வைவாவில் கொடுக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கையாவது, இந்தக் கருவி ஒரு வீட்டில் எத்தனை நாள் பயன்பட்டது என்பதற்கு ஒதுக்குங்கள்.

உலகத்தில் இது நடந்திருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே 2004-இல்தான் அமெரிக்காவில் மேத்யூ நேகல் என்ற இளைஞருக்கு மூளையில் 96 மின்முனை கொண்ட சிறு சில்லு பதித்தார்கள். கழுத்துக்குக் கீழே அசையாதவர். நினைப்பால் மின்னஞ்சல் திறந்தார், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். 2024-இல் அமெரிக்காவில் ஏ.எல்.எஸ் வந்த 64 வயதுக்காரர் ஒருவர், ரத்தக் குழாய் வழியாகச் செலுத்திப் பொருத்திய கருவியால் அலெக்ஸாவை இயக்கி வீட்டு விளக்கைப் போட்டார், பாட்டு வைத்தார். அதே ஆண்டு ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் 1,024 மின்முனை உள்ள கருவியை முதல் மனிதருக்குப் பொருத்தியது; சில வாரத்தில் அதன் இழைகளில் பெரும்பகுதி இடம் நகர்ந்துவிட, மென்பொருளைத் திருத்திச் சமாளித்தார்கள். இதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள்.

எனக்குப் பிடித்த சேதி வேறு. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்து மருத்துவர்கள் 2016-இல் எழுதியது. அண்ணனைப் போலவே ஏ.எல்.எஸ் வந்த ஓர் அம்மா. முழுக்க உடம்புக்குள்ளேயே பதித்த கருவி. பதித்து 28 வாரம் கழித்துத்தான் அவரால் யார் துணையும் இல்லாமல் எழுத்துக் கோர்க்க முடிந்தது. அதுவும் நிமிடத்துக்கு இரண்டே எழுத்து. அண்ணியின் அட்டையைவிட அது பெரிய வேகம் இல்லை. ஆனாலும் அந்த அம்மா அதை ஏழு வருடத்துக்கு மேல் தன் வீட்டிலேயே பயன்படுத்தினார். கண் அசைவைப் பார்க்கும் கேமரா வெயிலில் வேலை செய்யாது. வெளியே போகும்போது இது கைகொடுத்தது. எங்கள் அண்ணனைச் சாயங்காலம் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தால், நான் அவர் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திய இன்ஃப்ரா ரெட் சென்சார் வெயில் பட்டதும் குழம்பிப்போகும். அந்தச் சேதியைப் படித்தபோது எங்கள் வீட்டு வாசலே அதில் தெரிந்தது. உங்கள் கருவியும் 28 வாரம் ஒரு வீட்டில் இருக்கட்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தில் என்ன தெரியும்?

சென்சார் என்றேன். அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் அண்ணனின் வலது கால் கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்தது. ஒரு மைக்ரோ சுவிட்சை மரக்கட்டையில் திருகி அந்த விரலுக்கு அடியில் வைத்து, அதை அடுப்படியில் உள்ள காலிங் பெல்லுக்கு இணைத்தேன். எட்டு மாதம் அருமையாக ஓடியது. பிறகு விரல் நின்றது. சுவிட்சைப் புருவத்துக்கு மாற்றினேன், அதுவும் நின்றது. இப்போது கண். இரண்டு விநாடி கண்ணை மூடினால் மணி அடிக்கும். ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும் நோய் இது. கண்ணும் சோர்ந்துபோனால் மிச்சம் இருப்பது மூளைதான். அதனால்தான் உங்கள் வேலை எங்களுக்கு அத்தனை முக்கியம்.

ஆனால் சுவிட்சு எத்தனை மாறினாலும், அதற்கு இந்தப் பக்கம் உள்ள பெல், விளக்கு, விசிறி மாறவில்லை. நான் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி 3.5 மில்லிமீட்டர் ஜாக் வைத்திருக்கிறேன். பழைய இயர்போன் முனை மாதிரி, இரண்டே ஒயர். சேர்ந்தால் ஆன், பிரிந்தால் ஆஃப். உலகம் முழுக்க மாற்றுத்திறனாளிகளுக்கான சுவிட்சுகள் பெரும்பாலும் இந்த ஜாக்கில்தான் வருகின்றன என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். உங்கள் தொப்பியும் லேப்டாப்பும் என்ன கணக்கு வேண்டுமானாலும் போடட்டும். கடைசியில் அந்த இரண்டு ஒயரைச் சேர்த்துக் கொடுங்கள். தனி ஆப், தனி செர்வர், தனி பாஸ்வேர்டு என்று கட்டினால் நீங்கள் போன மறுநாளே எங்களுக்கு அது பெட்டிதான்.

வீட்டுப் பக்க ஒயரிங்கில் ஒன்று சொல்கிறேன், இது என் தொழில். லேப்டாப் சொன்னபடி தானாகத் தட்டும் சின்ன சுவிட்சுதான் ரிலே. அதைச் சுவர்ச் சுவிட்சுக்கு வரிசையாக, ஒரே ஒயரில் போட்டுவிடுகிறீர்கள். அண்ணன் பையன் போகிற போக்கில் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டால், அதற்குப் பிறகு அண்ணன் என்ன நினைத்தாலும் விசிறி சுற்றாது. பத்து வயசுப் பிள்ளையிடம் சுவிட்சைத் தொடாதே என்று எத்தனை நாள் சொல்வது? மாடிப்படி ஒயரிங்கை நினைத்துப் பாருங்கள். கீழே ஒரு டூ வே சுவிட்சு, மேலே ஒரு டூ வே சுவிட்சு. எதைத் தட்டினாலும் விளக்கு நிலை மாறும். நீங்கள் வாங்கும் ஐந்து வோல்ட் ரிலேயில் நடுவில் ஒரு பொது முனை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு முனை இருக்கிறதல்லவா? அதுவே ஒரு டூ வே சுவிட்சுதான். சுவரில் உள்ள சுவிட்சை டூ வே ஆக மாற்றி, ரிலேவை அதன் ஜோடியாகப் போட்டால், வீட்டில் உள்ளவர்களும் பழையபடி தட்டலாம், அண்ணனும் நினைத்து மாற்றலாம். ஒருவர் செய்ததை மற்றவர் தடுக்கவே முடியாது. விளக்கு எரிகிறதா இல்லையா என்று லேப்டாப்புக்குத் தெரிய வேண்டுமானால் ஒரு கரண்ட் சென்சார் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை எந்த வீட்டிலும் நானே வந்து செய்துகொடுக்கிறேன், கூலி வேண்டாம்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தலைத்தோலில் கிடைக்கும் அலை 50 மைக்ரோவோல்ட் என்று வைத்தால் வித்தியாசம் 46 லட்சம் மடங்கு. கட்டில் ஒட்டியிருந்த சுவருக்குள் ஒயர் ஓடியது. அன்றைக்குத் திரையில் கோடெல்லாம் கம்பளிப்புழு மாதிரி தடித்திருந்தது. கட்டிலை மூன்று அடி நகர்த்தியதும் கோடு மெலிந்ததை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக் கரண்டிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை மென்பொருளில் வடிகட்டிவிடலாம் என்பீர்கள், வடிகட்டுங்கள், கட்டிலையும் நகர்த்துங்கள். இன்னொன்று, லேப்டாப் சார்ஜரில் இருந்தது. அந்தப் பழைய பிளக்கில் எர்த் இல்லை. தொப்பி பேட்டரியில் ஓடி புளூடூத்தில் பேசியதால் விட்டேன். ஒயரால் இணைத்த தொப்பி என்றால் சார்ஜரைக் கழற்றாமல் என் அண்ணன் தலையில் வைக்க விட்டிருக்கவே மாட்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும் இதில் மட்டும் கவனக்குறைவு வேண்டாம். அந்த வாரமே கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்தேன். அது எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை.

இப்போது அண்ணன் கேட்பதற்கு வருகிறேன். பல்பு அவருக்கு வேண்டாம். விசிறியும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அவர் கேட்பது ராத்திரி மணி.

பகலில் கண்ணாடிச் சென்சார் இருக்கிறது. ராத்திரி மாஸ்க் மாட்டினால் கண்ணாடி போட முடியாது. பத்து மணியிலிருந்து விடியும் வரை அவரிடம் கூப்பிட ஒரு வழியும் இல்லை. கொசு கடிக்கும். மாஸ்க் லேசாக நகர்ந்து கண்ணுக்குள் காற்று அடிக்கும். கால் மடங்கிக்கொள்ளும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் பேட்டரியும் இறங்குகிறதா என்று பயம் வேறு. அண்ணி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறார். ஐந்து வருடமாக அவர் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கியதில்லை. மணி என்று ஒன்று இருந்தால் தேவைப்படும்போது மட்டும் எழுந்தால் போதும்.

இங்கே நீங்கள் எழுதும் விழுக்காடு உதவாது. 99 சதவீதம் சரி என்று அறிக்கையில் போட்டிருப்பீர்கள். உங்கள் கருவி ஐந்து விநாடிக்கு ஒருமுறை "கூப்பிடுகிறாரா, இல்லையா" என்று தீர்மானிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்து வரை ஏழு மணி நேரத்தில் 5,040 தீர்மானம். அதில் நூற்றுக்கு ஒன்று தப்பானாலும், கூப்பிடாமலேயே ஐம்பது தடவை மணி அடிக்கும். முதல் ராத்திரி அண்ணி ஐம்பது தடவையும் ஓடிவருவார். மூன்றாம் ராத்திரி ஒயரைப் பிடுங்கிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் சதவீதத்தை விடுங்கள். ஒரு ராத்திரிக்கு எத்தனை பொய் மணி என்று எழுதுங்கள். அதை ஒன்றுக்குக் கீழே கொண்டுவர என்ன செய்யலாம் என்று யோசியுங்கள். இடது, வலது, இடது என்று மூன்று கியர் மாற்றினால்தான் மணி என்று பூட்டுப் போடலாம். முதலில் லேசாக ஒரு சத்தம் கொடுத்து, "கூப்பிட்டீங்களா?" என்று அவரையே கேட்டு, திரும்பவும் நினைத்தால் மட்டும் பெரிய மணி அடிக்கலாம். தூங்குகிறவர் மூளை அலை வேறு மாதிரி ஓடும். தூங்கும்போது கருவி தானாக ஒதுங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

தொப்பியும் ஒத்துவராது. மாஸ்க் வார் தலையைச் சுற்றி ஓடும் இடத்திலேயே உங்கள் தகடுகளும் உட்காருகின்றன. தகடுகளை அந்த வாரிலேயே தைத்துவிட முடியுமா? அண்ணிக்குத் தையல் நன்றாக வரும். எங்கே தைக்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால் அவர் தைத்துத் தருவார். சித்திரை வெயிலில் தலை வேர்த்தால் அலை மிதந்து அலையும், அதற்கும் ஏதாவது செய்ய வேண்டும். எண்ணெயை வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ள அண்ணன் சம்மதித்துவிட்டார்.

இடையில் ஒன்று. கண் சிமிட்டினால் விளக்கு எரியும்படி செய்துவிட்டு அதை மூளை அலைக் கருவி என்று காட்டுவதைப் பல கல்லூரிக் கண்காட்சிகளில் பார்த்துவிட்டேன். நெற்றியில் ஒரு தகடு வைத்தால் சிமிட்டல்தான் முதலில் பெரிதாக விழும், மூளை அலையைவிடப் பல மடங்கு. சிமிட்டலைப் பயன்படுத்துவது தப்பே இல்லை. ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத் தசையின் ஒரே ஓர் அசைவை வைத்துத்தான் கடைசி வருடங்களில் பேசினார், எழுதினார். அவருக்காகச் செய்த மென்பொருளை இன்டெல் 2015-இல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. சிமிட்ட முடிகிறவருக்குச் சிமிட்டல் சுவிட்சே போதும், தொப்பி வேண்டாம் என்று அந்த வீட்டில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கண்ணும் போனவருக்கு அந்தக் கருவி ஒன்றுமே செய்யாது. எங்களைப் போன்றவர்கள் கடைசி நம்பிக்கையாக நினைப்பதில் பெயர் மாறாட்டம் வேண்டாம்.

மணிக்கு அடுத்தது எழுத்து. 1988-இல் அமெரிக்காவில் ஃபார்வெல், டாஞ்சின் என்ற இருவர் ஒரு பலகை செய்தார்கள். ஆறுக்கு ஆறு, 36 கட்டம். வரிசைகளும் பத்திகளும் மாறி மாறி மின்னும். நாம் நினைத்த எழுத்து இருக்கும் வரிசை மின்னியதும் சுமார் 300 மில்லிவிநாடி கழித்து மூளையில் ஒரு சின்ன எழுச்சி வரும்; அதை வைத்து எழுத்தைப் பிடிக்கிறார்கள். இதையே நம் பிள்ளைகளும் ஆங்கில எழுத்தோடு அப்படியே எடுத்துச் செய்கிறார்கள். அண்ணன் எட்டாவது வரை படித்தவர். ஆங்கிலத்தில் போர்டு படிப்பார், எழுத மாட்டார். தமிழுக்கு 247 எழுத்து ஆயிற்றே, கட்டம் போதாதே என்று ஒரு மாணவர் சொன்னார். அன்றைக்கு ராத்திரி நான் அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மொத்தம் 31. தமிழ் 99 விசைப்பலகையில் தட்டுவது மாதிரி க, இ என்று அடுத்தடுத்துத் தேர்ந்தெடுத்தால் கி வந்துவிடும். 36-இல் 31 போக மீதி ஐந்து கட்டம். இடைவெளி ஒன்று, அழிப்பது ஒன்று. மிச்சம் மூன்றில் மணி, விசிறி, விளக்கு. ஆறுக்கு ஆறு பலகை தமிழுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கிறது! ஜ, ஸ, ஹ இல்லாவிட்டால் பரவாயில்லை என்று அண்ணனைக் கேட்டுவிட்டேன். அந்த அட்டையை எழுதி வைத்திருக்கிறேன், வந்தால் தருகிறேன். கட்டம் மின்னுவதை நெடுநேரம் பார்த்தால் கண் சோரும், வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்தும் ஆகலாம். அதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வீட்டுக்கு வருகிறபோது அண்ணனிடமே பேசுங்கள். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாக் கேள்வியையும் அண்ணியிடம் கேட்டார்கள்: "இவருக்குப் புரியுமா?", "இவருக்கு வலிக்குமா?" அவர் அங்கேயேதான் படுத்திருந்தார், கேட்டுக்கொண்டு. பதில் வர நான்கு நிமிடம் ஆகும், காத்திருங்கள். போட்டோ எடுக்க அவரைக் கேளுங்கள். அவர் மூளையிலிருந்து எடுத்த பதிவை எங்கே வைக்கிறீர்கள், யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கண்ணை உயர்த்தினால் சரி, கீழே தாழ்த்தினால் இல்லை. அவ்வளவுதான் பாஷை.

ஆசிரியர்களே, வீட்டுக்கு வீடு போவது நடக்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் அன்றிலிருந்து வீடு தேடி வருகின்றன. எங்கள் ஊருக்கு வருகிற அம்மாவுக்கு, எந்த ஊரில் எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று மனப்பாடம். புளியமரத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்தவர்கள், பெங்களூரில் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து ஊர் திரும்பியவர்கள், பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் என்று நம் இரண்டு மாவட்டத்தில் இல்லாத ஊர் இல்லை. கழுத்து முறிந்தவருக்குப் பேச்சு இருக்கும், அவருக்கு மூளை அலை தேவைப்படாது. குரலால் இயங்கும் சுவிட்சோ, ஊதி இயக்கும் குழாயோ போதும். யாருக்கு எது என்று பார்த்துச் சொல்வதே ஒரு புராஜெக்ட். ஒரு கல்லூரி ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால் போதும். நாலாம் வருடப் பிள்ளைகள் தொடங்கட்டும், மூன்றாம் வருடப் பிள்ளைகள் கூடவே வந்து கற்றுக்கொள்ளட்டும், அடுத்த வருடம் அவர்கள் கையில் வரட்டும். பழுதானால் யாருக்குப் போன் செய்வது என்று ஒரு எண் மட்டும் சுவரில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டில் தொடங்கலாம். கட்டிலை ஒயர் இல்லாத சுவர்ப் பக்கம் மாற்றியாயிற்று. எர்த் இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது, மூன்று சுவிட்சை டூ வே ஆக்கி ஜாக் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்கள், அந்தத் தேதி மட்டும் வேண்டாம். முந்தின நாள் ஒரு போன் செய்துவிடுங்கள். எண்ணெய் வைக்காமல் தலை அலசி வைக்கிறோம்.

இப்படிக்கு,
தொப்பூர்ப் பக்கத்து ஒயர்மேன் ஒருவன்